பிரிட்டனுக்கு வந்த புதிதில்: பார்சல் பெயரில் வரும் பொய் மெசேஜ்

பிரிட்டனில் வந்து இறங்கிய முதல் மூன்று மாதத்தில் உங்கள் பெயருக்குத் தபாலில் என்னென்ன வரும் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வங்கிக் கார்டு, அதன் ரகசிய எண் இன்னொரு கவரில், வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கடிதம், சிம் கார்டு, ஆன்லைனில் வாங்கிய குக்கரும் குளிர்க் கோட்டும், அப்புறம் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சல். இத்தனை தபாலுக்கு ஒரே சமயத்தில் வேறெப்போதும் காத்திருந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு மெசேஜ் வருகிறது: உங்கள் பார்சலை இன்று கொடுக்க முடியவில்லை, 1.99 பவுண்டு கட்டி வேறு நாள் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு லிங்க்.

அனுப்பியவனுக்கு உங்களைத் தெரியாது. கண்ணில் பட்ட எண்களுக்கெல்லாம் அதையே அனுப்பியிருப்பான். இங்கே பல வருடம் இருப்பவர்கள் பார்த்தவுடன் அழித்துவிடுவார்கள். புதிதாக வந்தவருக்கு மட்டும் அது அச்சாகப் பொருந்திப்போகிறது. காத்திருக்கும் பார்சல் உண்மை. இந்த நாட்டில் எதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. வாடகை ஒப்பந்தம், ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, பஸ் கார்டு எல்லாம் சொல்லித்தரும் நாம் இதைச் சொல்லித்தர மறந்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டனில் ஹாரோ பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த தங்கை ஒருத்தி. திருநெல்வேலிப் பக்கம், நர்ஸ் வேலைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. நைட் டியூட்டி முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த மெசேஜைத் திறந்திருக்கிறாள். வீட்டிலிருந்து பார்சல் கிளம்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. லிங்க் முதலில் போஸ்ட்கோடு கேட்டது. போட்டதும், உங்கள் பார்சல் கிடங்கில் இருக்கிறது என்றது. இந்தப் பக்கங்கள் எந்த போஸ்ட்கோடுக்கும் அதையேதான் சொல்லும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்து பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் எண், கடைசியில் கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும். நன்றி என்று சொல்லிவிட்டு, நிஜமான தபால் தளத்துக்கே கொண்டுபோய் விட்டது. போனது 1.99 பவுண்டுதானே என்று படுத்துத் தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு அழைப்பு. திரையில் தெரிந்தது அவளுடைய வங்கியின் எண்ணேதான். பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். அவள் முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் அவரே சொன்னார். யாரோ உங்கள் கார்டில் பொருள் வாங்கப் பார்க்கிறார்கள், சமீபத்தில் ஏதாவது லிங்க்கை அழுத்தினீர்களா என்று கேட்டார். இவளே பார்சல் விஷயத்தைச் சொன்னாள். "அதுதான் காரணம், பயப்படாதீர்கள், உங்கள் பணத்தை ஒரு பாதுகாப்பான கணக்குக்கு மாற்றிவிடலாம்" என்றார். முதல் முழுச் சம்பளம் அப்படியே போயிற்று.

அவன் போட்ட தூண்டில்தான் அந்த 1.99. கார்டில் நாலு பொருள் வாங்குவதைவிட, உங்களைப் பற்றிய விவரங்களை வைத்துக்கொண்டு வங்கி அதிகாரி போலப் பேசுவதில்தான் அவனுக்குப் பெரிய பணம் இருக்கிறது. ஆகவே லிங்க்கில் விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், பணம் எதுவும் போகாவிட்டாலும், அடுத்த சில நாளில் அழைப்பு வரும் என்று எதிர்பார்த்து இருங்கள். பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றச் சொல்லி எந்த வங்கியும் கேட்காது. போலீஸும் கேட்காது. திரையில் எந்த எண் தெரிந்தாலும் சரி, அந்தப் பேச்சு வந்த நொடியில் போனை வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு 159-க்கு அடியுங்கள். இங்கே பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு அந்த ஒரே எண்தான்; நேராக உங்கள் வங்கிக்குத் தொடர்பு கொடுப்பார்கள். உங்கள் வங்கி அதில் இல்லையென்றால் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்.

இன்னொரு விதமும் இப்போது அதிகம். கார்டு விவரம் கொடுத்ததும், உங்கள் வங்கியிலிருந்து வந்த ஓடிபியைப் போடுங்கள் என்று அந்தப் பக்கம் கேட்கும். வங்கி அனுப்பிய மெசேஜை முழுக்கப் படித்தால், இந்த எண் உங்கள் கார்டை ஆப்பிள் பேயிலோ கூகுள் பேயிலோ சேர்ப்பதற்கு என்று எழுதியிருக்கும். அதாவது எங்கோ இருக்கும் ஒருவனுடைய போனில் உங்கள் கார்டு ஏறப்போகிறது. ஏறிவிட்டால் அவன் கடைகடையாகப் போய் போனைத் தொட்டே பொருள் வாங்கலாம். நாம் ஓடிபி வந்ததும் ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம், கூட இருக்கும் வரியைப் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள்.

நிஜமான டெலிவரி எப்படி நடக்கும்

இதைத் தெரிந்துகொண்டால் பொய் தானாகவே பல்லைக் காட்டும்.

ராயல் மெயில் என்பது இங்கத்திய தபால் நிறுவனம். அதன் ஆள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லையென்றால், கதவின் தபால் துவாரம் வழியாக ஒரு சிவப்பு அட்டையைப் போட்டுவிட்டுப் போவார். பார்சல் பக்கத்து வீட்டில் இருக்கிறதா, டெலிவரி ஆபீஸுக்குத் திரும்பிவிட்டதா என்று அதில் எழுதியிருக்கும். மறுபடி கொண்டுவந்து கொடுக்கக் காசு கிடையாது. ஒரு பென்னிகூட. ஆக, மறு டெலிவரிக்குப் பணம் என்று ராயல் மெயில் பெயரில் எது வந்தாலும் பொய்.

பணம் கட்ட வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. நம்மவர்கள் ஏமாறுவதும் அங்கேதான். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புப் பார்சலின் மதிப்பு 39 பவுண்டைத் தாண்டினால் இறக்குமதி வரி விழலாம். அம்மா ஒரு பட்டுச்சேலையை வைத்து, அதன் விலையைக் கஸ்டம்ஸ் படிவத்தில் உள்ளபடி எழுதியிருந்தால் தாண்டிவிடும். அப்போது ராயல் மெயில் வரியோடு தன் கையாளும் கட்டணமாக 8 பவுண்டு சேர்த்துக் கேட்கும். அதற்குச் சாம்பல் நிற அட்டை ஒன்று வீட்டுக்கு வரும். அதில் உள்ள எண்ணை வைத்து அவர்கள் தளத்தில் நீங்களே போய்க் கட்டலாம். கணக்கைக் கவனியுங்கள்: வரியும் 8 பவுண்டும் சேர்ந்த தொகை 1.45 ஆகவோ 1.99 ஆகவோ இருக்க வழியே இல்லை. கஸ்டம்ஸ் கட்டணம் என்று சில்லறைக் காசு கேட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. தபால்தலை குறைவாக ஒட்டிய உள்ளூர்த் தபாலுக்குச் சிறு தொகை கேட்பதுண்டு. ஆனால் அதற்கும் சாம்பல் அட்டை வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அட்டை இல்லையா, காசும் இல்லை.

வங்கிக் கார்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கடிதமும் சாதாரணத் தபாலில் வருபவை. அவற்றுக்கு யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து பார்சல் போடும்போதே அம்மாவிடம் ரசீதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பதிவு செய்து அனுப்பிய தபாலுக்கு இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் குறி என்று ஒரு எண் இருக்கும்; இந்தியாவிலிருந்து என்றால் ஐஎன், இலங்கையிலிருந்து என்றால் எல்கே என்று முடியும். உலகம் முழுக்க அந்த அமைப்பு ஒன்றுதான். அந்த எண்ணை ராயல் மெயில் அல்லது அதன் பார்சல் பிரிவான பார்சல்ஃபோர்ஸ் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்தால் பார்சல் எங்கே என்று தெரிந்துவிடும். எண் உங்கள் கையில் இருக்கும்போது எவன் மெசேஜையும் நம்பத் தேவையில்லை.

கூரியர்கள் அவரவர் பாணியில் வருவார்கள். டிபிடி ஒரு மணி நேர இடைவெளி குறித்து முன்கூட்டியே சொல்லும். ஆள் இல்லாதபோது வைத்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் கதவருகே வைத்ததைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அமேசான் சில விலை உயர்ந்த பொருளுக்கு ஓடிபி அனுப்பும்; அது உண்மைதான். ஆனால் அதைப் பார்சலோடு வாசலில் வந்து நிற்பவரிடம் நேரில் மட்டும் சொல்ல வேண்டும், போனில் கேட்பவரிடம் கூடாது.

மெசேஜை எப்படிப் பார்ப்பது

எழுத்துப்பிழை இருந்தால் பொய் என்று முன்பு சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். இப்போது வருபவை நல்ல ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அனுப்புநர் பெயரையும் நம்ப முடியாது. பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதால், முன்பு வந்த உண்மையான மெசேஜ்களின் கீழேயே, அதே வரிசையில், பொய்யும் வந்து உட்கார்ந்துகொள்ளும். காரில் சிறிய போலி டவர் வைத்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள போன்களுக்கு மெசேஜ் வீசியவர்களை லண்டனிலேயே பிடித்திருக்கிறார்கள். அந்தக் கருவிகள் போனைப் பழைய 2ஜிக்கு இறக்கித்தான் வேலை செய்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் சிம் அமைப்பில் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

லிங்க்கைப் படிக்க ஒரு வழி. ஆங்கிலத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிவிட்டோம். முகவரியை மட்டும் வலமிருந்து படிக்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கம் நகருங்கள். அதை ஒட்டி இருப்பதுதான் உண்மையான உரிமையாளர். ராயல்மெயில் டாட் காம் என்று அங்கே முடிந்து, அதன் முன்னால் சிறுகோடோ வேறு எழுத்தோ ஒட்டாமல் இருந்தால் சரி. ராயல்மெயில் என்று முதலில் வந்து, பிறகு புள்ளியோ சிறுகோடோ வைத்து வேறு என்னவோ நீண்டால், கடைசியில் காம் என்றே முடிந்தாலும், அது வேறொருவன் வீடு. இதுவும் குழப்பமாக இருந்தால் விடுங்கள். எந்த லிங்க்கையும் தொடாமல், தளத்தின் பெயரை நீங்களே அடித்துப் போங்கள்.

ஐபோனில், தெரியாத எண்ணிலிருந்து வந்த லிங்க் அழுத்தினாலும் திறக்காது. அதைத் தாண்டத்தான் "ஒய் (Y) என்று பதில் அனுப்பிவிட்டு, மெசேஜை மூடித் திறங்கள்" என்று எழுதுகிறார்கள். பதில் அனுப்பினால் பூட்டை நீங்களே திறந்து கொடுத்த மாதிரி. ஆண்ட்ராய்டில், பார்சலைப் பின்தொடர இந்த ஆப்பை இறக்குங்கள் என்று லிங்க் வந்தால் இறக்கவே கூடாது. 2021இல் ஃப்ளூபாட் என்ற வைரஸ் டிஹெச்எல் பெயரில் இப்படித்தான் இங்கே பரவி, போனில் இருந்த வங்கிக் கடவுச்சொற்களைத் திருடியது.

வந்த மெசேஜை, பொய் மெசேஜ்களைப் புகார் செய்வதற்கான 7726 என்ற எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். இலவசம். அப்புறம் அழித்துவிடலாம்.

அழுத்திவிட்டீர்கள் என்றால்

முதல் வேலை 159. மெசேஜ் வந்தது எப்போது, என்னென்ன விவரம் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கார்டை வங்கி ஆப்பிலேயே உடனே முடக்கலாம். பேச ஆள் கிடைக்கும் வரை காத்திருக்காமல் அதைச் செய்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் கடவுச்சொல் ஏதாவது போட்டிருந்தால், அதே கடவுச்சொல்லை வேறு எங்கு வைத்திருந்தாலும் மாற்றுங்கள். பிறகு புகார்: இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 0300 123 2040, ஸ்காட்லாந்தில் போலீஸின் 101.

உங்கள் அனுமதியில்லாமல் கார்டில் எடுத்த பணத்தை, உங்கள் பக்கம் பெரிய அலட்சியம் இருந்தாலன்றி, வங்கி திருப்பித்தர வேண்டும். ஏமாந்து நீங்களே அனுப்பிய பணத்துக்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பி ஏமாந்த தொகையை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும் என்று விதி. அதில் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியது இதில் வராது. வங்கி மறுத்தால், அல்லது புகார் கொடுத்தும் உரிய காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்; அதற்குச் செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

அந்தத் தங்கை என்னிடம் சொன்னது மறுநாள் இரவு. ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறாள். "படிச்ச பொண்ணு, இப்படி ஏமாந்துட்டேன்னு ஊருல தெரிஞ்சா என்ன சொல்வாங்க அக்கா" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. அந்த ஒரு நாளில்தான் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் புதிதாக யாராவது தங்கியிருந்தால், ஏமாந்தாலும் திட்ட மாட்டோம், உடனே சொல் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். அன்று இரவே இருவரும் உட்கார்ந்து வங்கிக்குப் பேசினோம். விசாரித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வாசலில் சாம்பல் அட்டை கிடந்தது. கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் ரசீதிலிருந்த எண்ணைத் தளத்தில் போட்டுச் சரிபார்த்து, பிறகுதான் கட்டினாள். மறுநாள் பார்சல் வந்தது. சேலைக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த பருப்புப் பொடி டப்பாவை எனக்குக் கொடுத்தாள்.