பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை என்றதும் ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

நான்கைந்து விண்டோஸ் கணினிகளும் ஒரு பிரிண்டரும் உள்ள சிறிய நெட்வொர்க். நேற்று வரை திறந்த பகிர்வுக் கோப்புறை இன்று திறக்கவில்லை. உடனே பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்? வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைப்பார்கள். கோப்புறைக்கு 'எவரிஒன்' (எல்லோரும்) பெயரில் முழு அனுமதி கொடுப்பார்கள். கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டை நீக்குவார்கள். எங்கோ படித்த நினைவில், கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐயும் இயக்கிவிடுவார்கள். இவற்றில் ஏதோ ஒன்றில் கோப்புறை திறந்துவிடும். எதனால் திறந்தது என்பது யாருக்கும் தெரியாது; தேவையில்லாமல் தளர்த்திய மற்றவை அப்படியே கிடக்கும். பழுது பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் இதுதான் தலையாயது. மற்றவை பெரும்பாலும் இதன் கிளைகள்.

இதற்கு ஒரே காரணம், பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது. எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்தச் செய்திகள் இரண்டு வகைக்குள் அடங்கும். 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்றால், அதாவது 80070035 என்று முடியும் பிழை எண் வந்தால், உங்கள் கணினி மறுமுனைக் கணினியை எட்டவே இல்லை. 'அணுகல் மறுக்கப்பட்டது' என்றாலோ, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, எட்டிவிட்டது. அங்கே உள்ளே விட மறுக்கிறார்கள். முதல் வகைக்கு அனுமதிகளை மாற்றிப் பயன் இல்லை. இரண்டாம் வகைக்கு ஃபயர்வாலைத் தொட்டுப் பயன் இல்லை. எந்த வகை என்று முடிவு செய்யும் வரை எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. மாற்றத் தொடங்கிய பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிட வேண்டும்.

எட்டவே இல்லை என்றால்

'நெட்வொர்க்' சாளரத்தில் மற்ற கணினிகள் தெரியவில்லை, ஆகவே பகிர்வு கெட்டுவிட்டது என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. அந்தச் சாளரம் ஒரு பட்டியல், அவ்வளவுதான். பழைய விண்டோஸில் அதைத் தயாரித்தது எஸ்எம்பி 1-ஐச் சார்ந்த ஒரு சேவை. இப்போது அந்த வேலையை 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சேவை செய்கிறது. மறுமுனையில் அது ஓடவில்லை என்றால் பட்டியலில் பெயர் வராது. கோப்புறை மட்டும் நன்றாகவே திறக்கும். எனவே பட்டியலை மறந்துவிட்டு, முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளிட்டுக் கணினியின் பெயரைத் தட்டுங்கள். பிறகு அதேபோல் அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணைத் தட்டுங்கள்: \\192.168.1.20 என்பது போல. ஐபி முகவரியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. இரண்டிலும் திறக்கவில்லை என்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

இணைப்பைப் பார்க்க உடனே பிங் அடிப்பார்கள், அதாவது 'இருக்கிறாயா' என்று மறுமுனைக்கு ஒரு சிறு செய்தி அனுப்புவார்கள். பதில் வராது. கேபிளை மாற்றுவார்கள், ரூட்டரை மாற்றுவார்கள். ஆனால் விண்டோஸின் ஃபயர்வால் இயல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். பதில் இல்லாததால் இணைப்பு இல்லை என்று ஆகிவிடாது. பிங்குக்குப் பதில் வந்தாலும் கோப்புப் பகிர்வு நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கோப்புப் பகிர்வு போய்வருவது டிசிபி 445 என்ற போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாக. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' (Test-NetConnection) கட்டளைக்கு அந்த ஐபி முகவரியையும் 445-ஐயும் கொடுத்தால், கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்டதாக ஆகும்.

445 அடைபட்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நெட்வொர்க்கின் வகை. விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று குறித்துக்கொள்கிறது. பப்ளிக் என்றால், பேருந்து நிலைய வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பகிர்வை அடைத்துவிடும். ரூட்டரை மாற்றினாலோ வைஃபைக்குப் பெயர் மாற்றினாலோ விண்டோஸுக்கு அது புதிய நெட்வொர்க். அது மறுபடியும் பப்ளிக் ஆகிவிடலாம். 'நாங்கள் கணினியில் எதையுமே மாற்றவில்லை' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. மாறியது ரூட்டர். பகிரும் கணினியில் வகையைப் பிரைவேட் ஆக்குவதோடு வேலை முடிகிறது. ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தாலும் கோப்புறை திறக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த மடிக்கணினி நாளை உண்மையான பொது வைஃபைக்குப் போகும்போதும் ஃபயர்வால் அணைந்தே இருக்கும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் தன் ஃபயர்வாலைக் கொண்டுவந்திருந்தால், இந்த வகைப்பாட்டை அதற்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை. விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்த கணினிக்கு இணையம் வரும், பக்கத்து மேசைக் கணினி தெரியாது. அந்த வைஃபையின் நோக்கமே அதுதான். சிக்னல் போதவில்லை என்று இரண்டாவது ரூட்டரை வாங்கி, அதன் வான் (WAN, இணையம் நுழையும்) துளையில் கேபிளைச் செருகினால், அதற்குப் பின்னால் ஒரு தனி நெட்வொர்க் உருவாகிவிடும். ஒருபக்கம் 192.168.0 என்றும் மறுபக்கம் 192.168.1 என்றும் முகவரிகள் தொடங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னால் இருக்கும் கணினியிலிருந்து முன்னால் இருப்பதை எட்டலாம். முன்னாலிருந்து பின்னால் இருப்பதை எட்ட முடியாது. ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்குத் திறக்காத மர்மங்களில் பல இப்படித்தான் பிறக்கின்றன. இரண்டாவது ரூட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டால் போதும். முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. பகிர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அலுவலக விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

எட்டிவிட்டது, ஆனால் விடமாட்டேன் என்கிறது

கடவுச்சொல் பெட்டி வந்ததும் பலர் தட்டுவது, தினமும் காலையில் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணை. அது செல்லாது. பின் எண் அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும். நெட்வொர்க் வழியாக நுழைய அது உதவாது. பின் எண்ணிலேயே காலத்தை ஓட்டியதால் உண்மையான கடவுச்சொல் மறந்துபோயிருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். கடவுச்சொல்லே வைக்காத கணக்கும் உதவாது: அப்படிப்பட்ட கணக்கைக் கணினியின் முன் உட்கார்ந்து மட்டுமே பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக அனுமதிக்கிறது. இன்னொரு குழப்பம், பெட்டி கேட்பது எந்தக் கணினியின் கணக்கு என்பது. கோப்புறை இருக்கும் கணினியில் உள்ள கணக்கைத்தான் கேட்கிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் உள்ளதை அல்ல.

இந்த மூன்றுக்கும் சேர்த்து என் பரிந்துரை ஒன்றுதான். பகிரும் கணினியில், பகிர்வுக்கென்றே நிர்வாக உரிமை இல்லாத ஒரு சாதாரண உள்ளூர்க் கணக்கைக் கடவுச்சொல்லுடன் உருவாக்குங்கள். மற்ற கணினிகளிலிருந்து நுழையும்போது, பகிரும் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு கணக்கின் பெயர் என்று எழுதுங்கள். கடவுச்சொல் பாதுகாப்பை நீக்குவதைவிட இது ஐந்து நிமிடம் அதிக வேலை. பின்னாளில் ஒருவர் விலகிச் சென்றால் ஒரு கடவுச்சொல்லை மாற்றினால் போதும்.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் நுழைய முடியவில்லை என்றால், விண்டோஸ் முன்பே சேமித்து வைத்த பழையதை நீட்டிக்கொண்டிருக்கலாம். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் அந்தக் கணினியின் பெயரில் இருப்பதை நீக்குங்கள். பிழை எண் 1219 வந்தால் விஷயம் சற்று வேறு: ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு கணக்குகளில் நுழைய விண்டோஸ் விடாது, பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்க வேண்டும். பெயருக்குப் பதில் ஐபி முகவரியில் போனால் விண்டோஸ் அதை வேறொரு கணினியாகக் கருதிவிடும், அதனால் திறந்துவிடும். சோதித்துப் பார்க்க நல்ல வழி. அதையே தீர்வாக விட்டுவைத்தால் முகவரி மாறும் நாளில் மறுபடியும் நிற்கும்.

நுழைந்த பிறகும் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால், அனுமதிகள் இரண்டு அடுக்காக இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். பகிர்வுக்கென்று ஒரு அனுமதி. வட்டில் உள்ள கோப்புறைக்கு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) அனுமதி. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். பகிர்வு அடுக்கில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு 'இன்னும் எழுத முடியவில்லையே' என்பவர்கள் 'செக்யூரிட்டி' தாவலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. கோப்புறையில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன, குறிப்பிட்ட சில மட்டும் திறக்கவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று விசாரியுங்கள். ஒருவர் தன் சொந்தக் கோப்புறையிலிருந்து அதே வட்டில் உள்ள பகிர்வுக் கோப்புறைக்கு ஒரு கோப்பை நகர்த்தினால், அது தன் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். நகலெடுத்து ஒட்டினால் புதிய இடத்தின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். எனவே பகிர்வுக்குள் நகர்த்தாமல் நகலெடுப்பது நல்ல பழக்கம்.

எஸ்எம்பி 1 என்ற பழைய பூதம்

பழைய ஸ்கேனரோ நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியோ வேலை செய்யவில்லை என்றால் 'எஸ்எம்பி 1-ஐ இயக்குங்கள்' என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்தது இந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. ஒரு ஸ்கேனருக்காக அதைத் திரும்ப அழைப்பது எனக்கு உடன்பாடு இல்லை. சாதனத்தின் உள்ளமைந்த மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் எஸ்எம்பி 2 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யுஎஸ்பி குச்சிக்கோ அனுப்பச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய புரோ கணினிகளில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாக மறுக்கப்படுகிறது. எஸ்எம்பி கையொப்பமும் (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்வது) கட்டாயம். ஆண்டுக்கணக்காகக் கடவுச்சொல் கேட்காமல் திறந்த சேமிப்புப் பெட்டி ஒரு நாள் அப்டேட்டுக்குப் பின் திறக்காமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் விருந்தினரை அனுமதிப்பதை விட்டு, பெட்டியிலேயே ஒரு பயனரை உருவாக்குங்கள்.

வெளியூரிலிருந்து கோப்புகளை எடுக்க வசதியாக ரூட்டரில் 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செய்யவே கூடாது. விபிஎன் எதற்கு இருக்கிறது?

பிரிண்டர்

பிரிண்டர் பகிர்வில் முதல் தவறு, தேவையே இல்லாமல் பகிர்வது. பிரிண்டருக்கே வைஃபையோ கேபிள் துளையோ இருந்தால் ஒவ்வொரு கணினியும் நேராக அதோடு பேசலாம். நடுவில் ஒரு கணினியை வைத்தால் அது தூங்கும்போதெல்லாம் அச்சு நிற்கும். யுஎஸ்பி மட்டுமே உள்ள பிரிண்டருக்குத்தான் பகிர்வு வேண்டும்.

நேரடி இணைப்பிலும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் ஐபி முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது அடுத்த முகவரி மாற்றம் வரைதான் தாங்கும். ரூட்டரில் அந்த பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கி, கணினிகளில், பிரிண்டரைத் தானாகக் கண்டறியும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதிலாக 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி' போர்ட்டில் அந்த முகவரியைக் கொடுங்கள். ரூட்டரிடம் சொல்லாமல் பிரிண்டரில் மட்டும் நிலையான முகவரி வைத்தால், அதே முகவரியை ரூட்டர் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்று அடம்பிடித்தால், அந்த போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி நிலைச் சோதனையை (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் ஏற்பாடு) நீக்கிப் பாருங்கள். பல வேளைகளில் பொய் சொல்வது அதுதான்.

பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை வந்தால் அதற்குப் பின்னணி உண்டு. 2021-இல் வெளிவந்த 'பிரிண்ட் நைட்மேர்' பாதுகாப்பு ஓட்டைகளை அடுத்து விண்டோஸ் அச்சுப் பகிர்வைத் தொடர்ச்சியாக இறுக்கியது. டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்பதும் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்ததுதான். இதற்கு அப்டேட்டை நீக்குவதும், ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்குவதும் பரவலான வைத்தியங்கள். இரண்டும் அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளை மறுபடி திறப்பவை. இரு முனைக் கணினிகளையும் புதுப்பித்து, டிரைவரை நிர்வாகியாக முன்கூட்டியே நிறுவிவிட்டு முயலுங்கள்.

வரிசையில் சிக்கிய அச்சு வேலை நீங்க மறுத்தால் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சேவையை மறுதொடக்கம் செய்வது மட்டும் போதாது. சேவையை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் உள்ள ஸ்பூல் கோப்புறையின் 'பிரிண்டர்ஸ்' உள்ளறையைக் காலி செய்து, பிறகு தொடங்க வேண்டும்.

எப்போதாவது மட்டும் நிற்கும் பகிர்வுதான் ஆளைச் சோதிப்பது. அதற்கு அனுமதிகளைக் கிளறாதீர்கள். அனுமதி கெட்டிருந்தால் எப்போதும் கெட்டிருக்கும். நிற்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். மதிய இடைவேளைக்குப் பின் என்றால் பகிரும் கணினி தூங்கியிருக்கும். ரூட்டர் அணைந்து எழுந்த பின் என்றால் முகவரி மாறியிருக்கும். எல்லோரும் வேலையில் இருக்கும் நேரம் என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள்: விண்டோஸ் 10, 11 போன்ற சாதாரணப் பதிப்புகளின் உரிமத்தில் ஒரே நேரத்தில் 20 சாதனங்கள்தான் இணையலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் சர்வர் பதிப்புக்கோ தனிச் சேமிப்புப் பெட்டிக்கோ மாற வேண்டியதுதான்.