வியொலெ-லெ-டுக் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை வரலாறு படிக்கும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. பழைய கட்டடங்களைச் சீரமைத்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் யூஜின் வியொலெ-லெ-டுக் (1814–1879) பெயர் வந்தாலே, நாங்கள் படித்த காலத்துப் பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் சரிபார்த்தால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூதங்களை இடைக்காலத்தவை என்று நம்புவது

பாரிஸ் நோத்ர்-தாம் ஆலயத்தின் மேல்மாடத்தில், கன்னத்தில் கைவைத்து நாக்கை நீட்டியபடி நகரைப் பார்க்கும் கொம்பு முளைத்த உருவத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணவி அந்தப் படத்தை வைத்து, இடைக்கால மனிதனின் நரக பயம் பற்றி ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதிவிட்டார். நல்ல நடை, கடும் உழைப்பு. ஆனால் அந்த உருவம் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பின்போது வியொலெ-லெ-டுக் வடிவமைத்துச் செதுக்கப்பட்டது. இயல் முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று. அந்த மாணவிக்குத் தவறான தகவல் தந்தது ஒரு சுற்றுலாக் கையேடு. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அடையாளம் காண்பது எளிது. மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளிக் கொட்டுவது கார்காயில்; அது இடைக்காலத்திலேயே உண்டு. கைப்பிடிச்சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிமேராக்களுக்கு நீரோடு தொடர்பில்லை. விக்டர் ஹ்யூகோவின் நோத்ர்-தாம் நாவல் 1831இல் வந்தபோது அவை அங்கே இல்லவே இல்லை. ஓவியர் மெரியோன் 1853இல் அந்த உருவத்தைச் செதுக்கோவியமாக்கிய பிறகு, அதுவே பழைய பாரிஸின் முகம் என்று ஊர் நம்பத் தொடங்கியது.

லாசுஸை மறப்பது

1844இல் நோத்ர்-தாம் சீரமைப்புப் பணியைப் பெற்றவர்கள் இருவர்: இவரும், கட்டடக்கலைஞர் லாசுஸும். லாசுஸ் 1857இல் இறந்த பிறகுதான் இவர் தனியாகத் தொடர்ந்தார்.

போசார் பட்டதாரி என்பது

இல்லை. போசார் என்பது பாரிஸின் அரசுக் கலைப்பள்ளி; அங்கே சேரவே மறுத்தவர் இவர்.

எரிந்ததெல்லாம் ஒரே காலத்தது என்பது

2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர்-தாம் தீவிபத்தில் விழுந்த கூர்கோபுரம் இவர் 1859இல் எழுப்பியது. ஓக் மரச்சட்டம், மேலே ஈயத்தகடு. அதனோடு எரிந்த கூரைச் சட்டத்தின் பெரும்பகுதியோ 13ஆம் நூற்றாண்டினது. கோபுரத்தின் அடியில் நின்ற செப்புச் சிலைகள் பழுதுபார்ப்புக்காகச் சில நாள் முன்னரே இறக்கப்பட்டதால் தப்பின. அவற்றில் தோமையாருக்கு, நம் பரங்கிமலையோடு சேர்த்துப் பேசப்படும் அதே தோமையாருக்கு, இவருடைய முகம்.

ஒரு வரியை வைத்துத் தீர்ப்பெழுதுவது

சீரமைப்பு என்பது கட்டடத்தை எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம் என்று தம் பத்துத் தொகுதி அகராதியில் எழுதினார். அதை மட்டும் மேற்கோள் காட்டி அவரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். கார்காசோன் கோட்டை நகரில் அவர் வைத்த கூம்புக் கூரைகளைத் தாராளமாகக் குறை சொல்லுங்கள். ஆனால் 1840இல், 26 வயதில், இடிந்துவிழும் நிலையிலிருந்த வெஸ்லே ஆலயத்தை வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர் மெரிமே அவரிடம் ஒப்படைத்ததையும், அது இன்றும் நிற்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.