பிளேட்டன்ட்டா, ஃபிளேக்ரன்ட்டா?

'வெளிப்படை' என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள். மழை பெய்தால் சென்னை வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பது 'ஆப்வியஸ்' (obvious), எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சொல்லில் பழி இல்லை. 'பிளேட்டன்ட்' அப்படியல்ல, கூசாமல் செய்யும் தப்பு. 'பிளேட்டன்ட் லை' என்றால் முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய்.

டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) போலீஸ் எதிரிலேயே ராங் சைடில் பைக் ஓட்டினால் 'ஃபிளேக்ரன்ட் வயலேஷன்' (flagrant violation), அப்பட்டமான மீறல். விதி, சட்டம், உரிமை மீறலோடுதான் இது அதிகம் வரும். லத்தீனில் எரிவதைக் குறிக்கும் வேர். புகார் மனுவில் எழுதும்போது 'எல்' போட வேண்டிய இடத்தில் 'ஆர்' போட்டால் 'ஃபிரேக்ரன்ட்' (fragrant), அதாவது மணமணக்கும் விதிமீறல்! அதுவும் சரியான சொல்லே என்பதால் ஸ்பெல்செக் பெரும்பாலும் விட்டுவிடும்.

கண்ணை உறுத்தும் கணக்குப் பிழைக்கு 'கிளேரிங்'. வெட்கமில்லாத துணிச்சலுக்கு 'பிரேசன்', பித்தளையிலிருந்து பிறந்த சொல். 'ஓவர்ட்' வெறும் வெளிப்படை, திட்டாகாது.