"அமைச்சர் சொல்லிட்டார்" என்றால், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை ஒட்டிச் சாயப்பட்டறை வரப்போவதாகப் போன மாதம் பேச்சு கிளம்பியது. இடம் பார்க்க வந்த தரகர் எதிர்வீட்டு ஆச்சியிடம், "அமைச்சர் சொல்லிட்டார், வாரியம் அனுமதி கொடுத்தே ஆகணும்" என்றாராம். "தம்பி, சட்டம் அப்படியா இருக்கு?" என்று ஆச்சி கேட்டார். 30 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். திண்ணையில் உட்கார்ந்து ஆச்சிக்குச் சொன்னதுதான் இது.

முதலில், அதிகாரம் யார் கையில் என்று பாருங்கள். 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, கழிவுநீரை வெளியேற்ற இசைவு தருவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமைச்சர் அங்கே இல்லை.

அடுத்து, அரசு வாரியத்துக்குக் கட்டளையிடப் பிரிவு உண்டா என்று தேடுங்கள். உண்டு, 18-ஆம் பிரிவு. மாநில அரசின் கட்டளைக்கு வாரியம் கட்டுப்பட்டதுதான். ஆனால் கட்டளை எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. லெட்டர்பேடுக் கடிதத்தைக் காட்டினாலும் மலைக்காதீர்கள். அரசமைப்பின் 166-ஆம் பிரிவுப்படி மாநில அரசின் ஆணை ஆளுநர் பெயரில்தான் வர வேண்டும்.

சரி, முறையான எழுத்தே வந்துவிட்டால்? இங்கேதான் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள், ஓயக்கூடாது. ஹைதராபாத்துக்குக் குடிநீர் தரும் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது என்று தடை இருந்தது. ஒரே ஒரு எண்ணெய் ஆலைக்கு மட்டும் ஆந்திர அரசு விலக்களித்து, இசைவு கொடுக்கச் சொல்லி வாரியத்துக்குக் கட்டளையிட்டது. அது தன்னிச்சையானது, பொதுநலனுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது. தண்ணீரைக் காக்க வந்த சட்டத்தை வைத்தே தண்ணீரைக் கெடுக்கக் கட்டளையிட முடியாது. நம் ஊருணிக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதிகாரியின் பொறுப்பையும் நினைவூட்டுங்கள். பம்பாயில் ஒரு சினிமா கொட்டகைக்குத் தந்த அனுமதியை, அரசு சொன்னதென்று போலீஸ் கமிஷனர் ரத்து செய்தார். முடிவெடுக்கும் அதிகாரம் சட்டப்படி கமிஷனருடையது. அவரே யோசித்து முடிவெடுக்காததால் அந்த ரத்து செல்லாது என்று 1951-இலேயே தீர்ப்பு.

எல்லாச் சட்டமும் ஒன்றுபோல் இராது. 2003 மின்சாரச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில், பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயத்தில்தான் அரசு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழிகாட்டலாம். ஆனால் எது கொள்கை என்பதில் அரசு சொல்வதே முடிவு. அதனால் பிரிவை முழுசாகப் படியுங்கள்.

கடைசியாக மனு. வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள்: "இந்தச் சர்வே எண் தொடர்பாக 18-ஆம் பிரிவின் கீழ் வந்த கட்டளைகளின் நகல், தேதி, எண், கோப்புக் குறிப்புகள்." 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆச்சி நேற்றுக் கையெழுத்துப் போட்டார். ஸ்பீடு போஸ்ட் ரசீது மனுவின் நகலோடு என் பெட்டியில் இருக்கிறது.