தவளைக் கருவுக்கு முதுகு எந்தப் பக்கம்? களிமண்ணில் செய்து காட்டும் முறை

மாரி தொடங்கியதும் வன்னிக் குளங்களின் ஓரத்தில் தேரை முட்டைகள் கறுப்பு மணிமாலைபோல நீண்டு கிடக்கும். அவற்றை எடுக்க வேண்டாம், கைவில்லையால் அங்கேயே பாருங்கள். ஓர் உருண்டைக்கு முதுகும் வயிறும் வருவது எப்படி என்பதை வகுப்பில் காட்டக் குளத்துக் களியே போதும். கீழுள்ள விவரங்கள் ஆபிரிக்க நகத்தவளையில் கண்டறியப்பட்டவை. அதன் முட்டை ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர், நமது உருண்டை 6 சென்றிமீற்றர்: 50 மடங்கு.

களியை உருட்டி, மேற்பாதியில் சிரட்டைக்கரித் தூள் தேயுங்கள். அந்தக் கறுப்புப் பாதியின் ஒரு பக்கத்தில் மிளகாய் விதையொன்றைப் புதையுங்கள், விந்து நுழைந்த இடம் அது. விதைக்குப் பதில் குண்டூசி குத்தினால், அடுத்துச் சுற்றும் உறை திரும்பாது. உருண்டைமேல் சிறிது தேங்காய் எண்ணெய் பூசி, தெளிவான மெல்லிய பொலித்தீனால் சுற்றி உச்சியில் முடியுங்கள். இந்த உறைதான் முட்டையின் வெளிப்படை. உறையின் கீழ்ப்பாதிக்கு வெள்ளைப் பெயின்ற் ஒரே பூச்சு. தடித்தால் அடுத்த படி கெட்டுவிடும். அடிநுனியில் சிவப்புப் புள்ளி வையுங்கள். அது டிஷெவெல்ட், முதுகுப் பக்கத்தைத் தீர்மானிக்க உதவும் புரதம்.

பெயின்ற் காய்ந்ததும் களியை அசையாமல் பிடித்து, உறையை மட்டும் 30 பாகை, அதாவது 1.5 சென்றிமீற்றர் அளவு திருப்புங்கள். முடிச்சு விதைப் பக்கம் சாய வேண்டும், சிவப்புப் புள்ளி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். பலர் மாறித் திருப்பிவிடுகிறார்கள். முடிச்சைப் பார்த்தால் பிழை தெரியும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை உறை கறுப்புக் களியை மூடி, சாம்பல் நிறப் பிறை ஒன்று தோன்றும். முதுகு அங்கேதான். உண்மை முட்டையில் இது முதல் பிளவுக்கு, அதாவது முட்டை இரண்டு கலங்களாகப் பிரிவதற்கு, முந்திய 90 நிமிடங்களின் பிற்பாதியில் நடக்கிறது. கலத்துக்குள் தண்டவாளம்போல் அமையும் நுண்குழாய்கள் வழியே டிஷெவெல்ட் உறையைவிட அதிக தூரம் போகும், ஆகவே புள்ளியின் மேலே இன்னொரு புள்ளியும் இடுங்கள்.

இனி மாணவர் சறுக்கும் இடம். முதுகை உருவாக்கத் தூண்டும் பீட்டா-கட்டெனின் என்ற புரதம் முதுகுப் பக்கம் மட்டும் உண்டாவதில்லை. எல்லாப் பக்கமும் உண்டாகி, ஜி.எஸ்.கே.-3 என்ற நொதியால் அழிவுக்குக் குறிக்கப்படுகிறது. டிஷெவெல்ட் போன பக்கத்தில் அந்த நொதி அடங்குவதால் அங்கே மட்டும் அது தப்புகிறது. கீழ்ப்பாதியிலுள்ள வெக்-டி, வி.ஜி.-1 ஆகிய புரதங்களோடு சேர்ந்து, நோடல் என்ற சைகைப் புரதங்களை முதுகுப் பக்கம் கூட்டுகிறது. மஞ்சள் புள்ளிகளைப் பிறையின் கீழ் நெருக்கமாகவும் விதைப் பக்கம் ஐதாகவும் இட்டால் அந்தச் சரிவு தெரியும்.

நோடல் மிகுந்த இடத்துக்குச் சற்று மேலே ஒழுங்கமைப்பான், அதாவது சுற்றியுள்ள கலங்களின் போக்கைத் தீர்மானிக்கும் கலக்கூட்டம், உருவாகும். அது சுரக்கும் கோர்டின், நொகின் என்ற புரதங்கள் இரண்டும் பி.எம்.பி. என்ற வயிற்றுச் சைகையைப் பிடித்துக் கட்டுகின்றன. கட்டுப்பட்ட இடத்தில் கருவின் மேற்படை நரம்பாகும், மற்றது தோலாகும். நரம்பாகும்படி ஒரு சைகை கட்டளையிடுகிறது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். தடை நீங்குவதுதான் இங்கே முக்கியம்.

திருப்பாத உருண்டையொன்றும் பக்கத்தில் இருக்கட்டும். முட்டையின் அடியில் புறஊதாக் கதிர் பட்டால் நுண்குழாய்கள் சரியாக அமையாது, உறையும் திரும்பாது. தலையும் முதுகும் இல்லாத வயிற்றுத் துண்டுதான் வளரும். 1924இல் ஸ்பேமானும் ஹில்டே மங்கோல்டும் நியூற் என்ற வாலுள்ள நீர்நில வாழியின் கருவிலிருந்த ஒழுங்கமைப்பானை இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டியபோது அங்கே இரண்டாம் உடலச்சு, அதாவது தலையிலிருந்து வால்வரை செல்லும் முதுகுக்கோடு, எழுந்தது. முதல் உருண்டையின் விதைப் பக்கத்தில் பச்சைக் களித் துண்டொன்றை ஒட்டி அதையும் காட்டலாம்.