பாவித்த லேப்டாப் வாங்கினால்: வேலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலேசியா என்று எங்கிருந்து வேலூருக்கு வந்தாலும் முதல் மாதச் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அறைக்கு அட்வான்ஸ், சிம் கார்டு, பாய், பக்கெட், அப்புறம் ஒரு லேப்டாப். படிக்க வந்தவருக்கு அது இல்லாமல் முடியாது. சிஎம்சியில் சிகிச்சை பெறுபவருக்குத் துணையாக வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களும் பிள்ளைகளின் வகுப்புக்காகவோ ஊரோடு பேசுவதற்கோ ஒன்று வாங்கிக்கொள்கிறார்கள். புதியது வாங்கக் கையில் காசு இருக்காது. இங்கே கடையில் ‘பாவித்த லேப்டாப்’ என்று கேட்டால் விழிப்பார்கள். ‘செகண்ட் ஹேண்ட்’ என்று கேளுங்கள்.

நான் வவுனியாவிலிருந்து படிக்க வந்து, திருமணமாகிக் காட்பாடியிலேயே தங்கிவிட்டவள். வந்த இரண்டாம் வாரம் 15,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். “எல்லாம் ஃபார்மட் பண்ணித்தாம்மா வெச்சிருக்கோம், பின் நம்பர் 1234, வீட்ல போய் மாத்திக்கோ” என்றார் கடைக்காரர். நானும் அந்த எண்ணைப் போட்டுத் திறந்து அப்படியே பாவிக்கத் தொடங்கினேன். பாஸ்போர்ட், விசாப் பக்கம், கல்லூரிக் கட்டண ரசீது, அப்பாவின் வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில், நான் வைக்காத ஒரு ஃபைல் அங்கே இருந்தது. யாருடையதோ வாடகை ஒப்பந்தம், பெங்களூரு முகவரியோடு. கை நடுங்கிவிட்டது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் புகவில்லை. முன்பு அந்த லேப்டாப்பை வைத்திருந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கு அதில் அப்படியே இருந்திருக்கிறது. ஃபைல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் சேவையான ஒன்டிரைவ், டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் அந்தக் கணக்கோடு சேர்த்து வைத்திருந்தது. அவர் தன் புது லேப்டாப்பில் சேமித்தது என்னிடம் வந்தது. நான் சேமித்த பாஸ்போர்ட் அவரிடம் போனது. ஒன்டிரைவிலிருந்து என் ஃபைல்களை அழித்தேன், அதன் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்தேன். அதற்குள் அவர் பார்த்தாரா, பார்த்திருந்தால் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். லேப்டாப்பில் உளவுச் செயலி இருக்கிறதா என்று தேடுவது இரண்டாம் வேலை. அது இன்னும் யார் பெயரில், யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைப் பார்த்து முடிக்கும்வரை ஒரு பாஸ்வேர்டும் அதில் அடிக்காதீர்கள். ஜிமெயில்கூட வேண்டாம்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

இந்தக் கடைகளுக்கு வரும் லேப்டாப்புகளில் பல, பெரிய நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிட்டவை. பெங்களூரும் சென்னையும் பக்கம் என்பதால் இங்கே வரத்துக்குக் குறைவில்லை. பொருள் தரமாகவே இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க, அதன் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடமோ ஆப்பிளிடமோ பதிந்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிட்டால், நீங்கள் எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் அது போகாது. இணையத்தோடு சேர்ந்ததும் பழைய நிறுவனம் அதைத் தன் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். செயலிகளை ஏற்றலாம், பூட்டலாம், முழுவதையும் அழிக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. கடையிலேயே லேப்டாப்பை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, அங்கே ‘ரீசெட் திஸ் பிசி’, அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’. முடிந்து முதல் திரை வரும்போது உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இந்த இணைப்புதான் முக்கியம்; இணையம் இல்லாமல் செட்டப் முடித்துக் காட்டினால் ஒன்றும் தெரியவராது. ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து, அந்த நிறுவன மின்னஞ்சலால் உள்ளே வரச் சொன்னால் வாங்காதீர்கள். மேக்புக்கில் அதே இடத்தில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு திரை வரும். அதுவும் வேண்டாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

ரீசெட் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார். பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், ஆனால் அந்த முதல் திரை வரும்போது எதிரில் இருங்கள். நேரமில்லை என்று அவர் மறுத்தால், ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில்லில் லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அது திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரியவந்தால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருக்கும் நமக்கு அந்தக் காகிதம் பெரிய துணை.

இன்னொன்று பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே மதர்போர்டிலிருந்து ஓடும் அடிப்படை மென்பொருள். பவர் போட்டவுடன் டெல் என்றால் எஃப் 2, ஹெச்பி என்றால் எஃப் 10, லெனோவா திங்க்பேட் என்றால் எஃப் 1 அழுத்தினால் திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால், கடைக்காரருக்கும் அது தெரியவில்லை என்றால், வைத்துவிட்டு வாருங்கள். திறந்தால் செக்யூரிட்டி பக்கத்தில் ‘அப்சொல்யூட்’ அல்லது ‘கம்ப்யூட்ரேஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். களவு போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் முறையான சேவை அது. பயாஸிலேயே குடியிருப்பதால் ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் திரும்ப வரும். அது ‘ஆக்டிவ்’ என்று காட்டினால் பழைய உரிமையாளர்தான் நிறுத்த வேண்டும், உங்களால் முடியாது.

வாங்கும்போதே இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரா என்று கேளுங்கள். அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. ஓட்டை அடைக்கப்படாத வீட்டில் பூட்டைச் சோதித்துப் பயனில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா

அப்படியென்றால் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ‘யுவர் இன்ஃபோ’வில் யார் பெயர், யார் மின்னஞ்சல் இருக்கிறது? ‘அதர் யூசர்ஸ்’ பகுதியில் வேறு ஆள் உண்டா? ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பகுதியில் நீங்கள் சேர்க்காத நிறுவனம் எதுவும் இணைந்திருக்கிறதா? பிறகு குரோமைத் திறந்து வலது மூலையில் யாருடைய கணக்கு என்று பாருங்கள். பழையவரின் கூகுள் கணக்கில் இருந்துகொண்டு நீங்கள் ‘சேவ் பாஸ்வேர்டு’ கொடுத்தால் அது அவர் கணக்கில் சேர்ந்து, அவர் போனிலும் தெரியலாம். குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில், ஒரு நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்று வந்தால் யார் அந்த நிறுவனம் என்று கேட்க வேண்டும். குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சிறு செயலிகளான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் பாருங்கள்.

அடுத்தது செயலிகள். இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், விஎன்சி என்று ஏதாவது இருந்தால், அவை கெட்ட செயலிகள் அல்ல. கடைக்காரர் உதவிக்காகப் போட்டிருக்கலாம். ஆனாலும் தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பார்க்க வழி வைப்பவை. எடுத்துவிடுங்கள். பிரைவசி பகுதியில் கேமரா, மைக்ரோஃபோன் இரண்டிலும் எந்தச் செயலி அண்மையில் அவற்றைத் தொட்டது என்று காட்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு. அதைப் பலர் பார்ப்பதே இல்லை. வைரஸ் தேடும்போது இந்த ஃபோல்டரைத் தொடாதே என்று சொல்லி வைக்கும் பட்டியல் அது. காசு கட்டாத விண்டோஸையும் ஆஃபீஸையும் ஓடவைக்கப் போடும் ‘ஆக்டிவேட்டர்’ பல நேரம் தன்னை அங்கே எழுதிக்கொள்ளும், அல்லது விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையே அணைத்துவிடும். அங்கே முழு சி டிரைவும் இருந்தால் ஸ்கேன் செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று வருவதை நம்பக் கூடாது.

இத்தனையும் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டாலும் அது சுத்தம் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நன்றாக எழுதிய உளவுச் செயலி எந்தப் பட்டியலிலும் தன் பெயரைக் காட்டாது. அதனால் நான் தேடுவதில் ஒரு மாலைக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பேன். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நிம்மதி.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதை அந்த லேப்டாப்பிலேயே தயார் செய்யாதீர்கள். நம்பிக்கையான நண்பரின் கணினியில், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கிச் செய்யுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பை பென் டிரைவிலிருந்து தொடங்க வையுங்கள்: டெல், லெனோவா இரண்டிலும் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பழைய பகுதிகள் எல்லாவற்றையும் டிலீட் செய்து, வெறும் இடமாக்கி, அதில் நிறுவுங்கள். லைசென்ஸ் கீ கேட்டால் ‘இல்லை’ என்று கொடுத்துத் தாண்டலாம். லேப்டாப்போடு வந்த உண்மையான விண்டோஸ் என்றால் அதன் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும். இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆகவில்லை என்றால் கடையில் போட்டது எப்படிப்பட்டது என்று அப்போது தெரிந்துவிடும். புதிதாகப் போட்டபின் வைஃபை வேலை செய்யாமல் போனால் பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, அப்டேட் ஓடவிட்டால் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் வந்துவிடும்.

முன்பே அதில் பாஸ்வேர்டுகள் அடித்துவிட்டீர்கள் என்றால், அவற்றைப் போனிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்தது. கூகுள் கணக்கில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலையும் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலையும் திறந்து, தெரியாததை வெளியேற்றுங்கள்.

ஒரு விஷயம், பயந்துபோய் என்னிடம் வருபவர்களுக்காக. ஃபேன் இரைகிறது, அடி சுடுகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்பதெல்லாம் உளவுக்கு அடையாளம் ஆகாது. வேலூர் வெயில் உங்களுக்கு இன்னும் பழகவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் மாடி அறையில் எந்த லேப்டாப்பும் இரையத்தான் செய்யும். நீங்கள் கேமராவைத் திறக்காதபோது அதன் விளக்கு எரிந்தால் மட்டும் உடனே கவனியுங்கள். கேமராவுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தெரிந்தவர்கள் மேல் சந்தேகம் என்றால்

இது வேறு மாதிரி. அறைத் தோழியோ, பழகியவரோ, உறவுக்காரரோ கொடுத்த லேப்டாப். நீங்கள் யாரிடமும் சொல்லாததை அவர் தெரிந்து பேசுகிறார். அந்த நேரம் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். அழித்தால் சாட்சியும் போகும், அவருக்கும் தெரிந்துவிடும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, அவர் தொடாத வேறு போனிலிருந்து நம்பும் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். திரையை அந்தப் போனில் படம் எடுத்து, நீங்கள் நம்பும் அந்த ஆளிடமே கொடுத்துவையுங்கள்.

ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் ஓர் ஆண் கண்காணிப்பது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆம் பிரிவின்கீழ் குற்றம். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு இருக்கிறது. இங்கே நடந்த குற்றத்துக்குச் சட்டம் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை. விசா போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. புகார் கொடுக்கப் போகும்போது நீங்கள் தங்கும் இடம் எந்த மாவட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வயதானவர்கள் இன்னமும் எல்லாவற்றையும் வட ஆற்காடு என்பார்கள். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ அறை எடுத்திருந்தால் உங்கள் மாவட்டக் காவல் அலுவலகம் வேலூரில் இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது அந்த லேப்டாப்பை நீங்களும் ஜூனியர் யாருக்காவது விற்பீர்கள். அப்போது முதலில் ஒன்டிரைவ், குரோம், வாட்ஸ்அப் மூன்றிலிருந்தும் வெளியேறுங்கள். ரீசெட் செய்யும்போது ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ உள்ளே ‘க்ளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள், நேரம் கூடும், இரவு ஓடவிட்டுத் தூங்கலாம். கடைசியாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் கொடுங்கள். வாங்குபவர் முன்னால் ஹாட்ஸ்பாட் போட்டு முதல் திரையைக் காட்டியே கொடுங்கள்.