கொழுப்புத் துளியைச் சுற்றி ஏடிஜிஎல் தெரியாதபோது

3டி3-எல்1 என்ற எலிச் செல்களைக் கொழுப்புச் செல்களாக மாற்றி, ட்ரைகிளிசரைடை முதலில் உடைக்கும் ஏடிஜிஎல் நொதியை ஒளிரும் ஆன்டிபாடி போட்டுப் பார்த்தபோது, துளிகளைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டிய பச்சை நிறம் செல் முழுக்கப் பனிமூட்டம் போலப் பரவிக் கிடந்தது. ஆன்டிபாடிதான் சரியில்லை என்றார்கள். ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதே ஆன்டிபாடி, ஏடிஜிஎல்-இன் எடையான சுமார் 54 கிலோடால்டனில் சுத்தமான பட்டை கொடுத்தது.

ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளை போடும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100 மேல்தான் எனக்குச் சந்தேகம். அதற்கு முன் செல்களை நிலைப்படுத்தப் போடும் ஃபார்மால்டிஹைடு புரதத்தைப் பிடித்து நிறுத்தும், கொழுப்பை நிறுத்தாது. அதனால் டிரைட்டான் துளியின் மேலுறையையே கலைத்துவிடும். பதிலுக்கு, அதைவிட மென்மையாகத் துளை போடும் சப்போனினை 0.1% போட்டேன். அது போடும் துளை கழுவினால் மூடிக்கொள்ளும் என்பதால் ஆன்டிபாடிக் கரைசல், கழுவும் பஃபர் என எல்லாவற்றிலும் சப்போனின் இருந்தாக வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நிறம். துளிக்குப் போடும் பாடிபை 493/503 சாயமும் பச்சை, ஆன்டிபாடியில் இருந்த எஃப்ஐடிசி சாயமும் பச்சை, எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியை, அடர்சிவப்பில் ஒளிரும் அலெக்ஸா ஃப்ளூர் 647-க்கு மாற்றினேன், வளையம் பளிச்சென்று வந்தது. குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ-வைப் போட்டு ஏடிஜிஎல்-ஐக் குறைத்த செல்களில் அந்த வளையம் மங்கியதைப் பார்த்த பிறகுதான் படத்தை நம்பினேன்.